பதின்மூன்று தசம் எட்டு வோல்ட்

மனேஜர் அந்தப் பெட்டரியைக் காலால் தள்ளியது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மாத்தளை நகரத்தில் எங்கள் சோலார் கடை வாசலில், ஓட்டோவிலிருந்து அதை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார் அந்த அக்கா. நாலந்தாவுக்கு உள்ளே, மின்கம்பம் எட்டிப் பார்க்காத ஒரு கிராமத்துச் சிங்களப் பெண். தையல் வேலை செய்கிறவர். பெட்டரி வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்துவிடுகிறது, மெஷினில் உட்காரவே முடியவில்லை என்று சொல்ல வந்திருந்தார். மனேஜர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. சப்பாத்து முனையால் பெட்டரியை ஓரமாகத் தள்ளிவிட்டு, கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சிங்களத்தில் பேசினார். "விடிய விடிய டீவி பாத்தா பெட்டரி எப்படி நிக்கும்? பழுது பெட்டரியில இல்ல, ஒங்க வீட்டுலதான் இருக்கு." அக்காவின் முகம் கறுத்துப்போயிற்று. பெட்டரியை மறுபடி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். தூக்கிவிட்டது நான்தான்.

மனேஜரும் என்னைப் போலத் தமிழ் பேசுகிறவர்தான். "தம்பி, தம்பி" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்த எனக்கு டவுனில் வேலை கொடுத்தவர் என்பதால், அந்தத் 'தம்பி'யில் நான் குளிர்ந்துபோய்க் கிடந்தேன். நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

சோலாரைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். கூரையில் இருக்கும் தகட்டுக்கும் பெட்டரிக்கும் நடுவில் கொன்ட்ரோலர் என்று கையகலப் பெட்டி ஒன்று சுவரில் தொங்கும். பெட்டரி நிறைந்ததும் வெயிலில் வருகிற கரண்டை நிறுத்துவதும், பெட்டரி இறங்கியதும் விளக்கை அணைப்பதும் அதன் வேலை. எத்தனை வோல்ட் வந்தால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம் என்பதை, அதற்குள் இருக்கும் ஒரு பொடித் திருகாணிதான் தீர்மானிக்கும். எங்கள் கொம்பனி ஆரம்பத்தில் விற்றது மூடி திறக்க முடியாத பெட்டரி. அதற்குத் தோதாகக் கொன்ட்ரோலர்களைப் பதின்மூன்று தசம் எட்டில் நிறுத்தி வைத்திருந்தார்கள். பிறகு மலிவாகக் கிடைக்கிறது என்று, தண்ணீர் ஊற்றுகிற பெட்டரிக்கு மாறினார்கள். அதற்குப் பதினான்கு தசம் நான்கு வரையாவது ஏற வேண்டும். பெட்டரியை மாற்றியவர்கள் திருகாணியைத் தொடவில்லை. பாதிச் சாப்பாட்டில் தட்டைப் பிடுங்குகிற மாதிரி, ஒவ்வொரு நாளும் அரைகுறையாகவே நிறைந்து, உள்ளே ஈயத் தகடுகள் வெளுத்து இறுகி, பெட்டரிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. பழி மட்டும் டீவி மேல் விழுந்தது.

இதெல்லாம் மனேஜருக்குத் தெரியும். அதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். அக்கா வந்துபோன அடுத்த கிழமை, அறைக் கதவைச் சாத்திவிட்டு அவரே என்னிடம் சொன்னார். "தம்பி, வீடு வீடாப் போய் பதினாலு தசம் நாலுக்குத் திருப்பி விட்டுரு. சும்மா சர்விஸ்னு சொல்லு. வேற ஒண்ணும் வாய தொறந்துராத. தெரிஞ்சா எல்லாரும் புது பெட்டரி கேட்டு வந்து நிப்பாங்க." யுத்தம் மறுபடி மூண்டிருந்த காலம் அது. கண்டி வீதியில் வடக்கே போக எத்தனை சோதனைச் சாவடிகளைத் தாண்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? கொம்பனித் துண்டு ஒன்று எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். "எழுத்துல ஒண்ணும் வேணாம்" என்றார்.

இந்தத் திருத்தத்தைச் செய்யும் முறை ஒன்று உண்டு. வீட்டிலிருக்கும் நலிந்த பெட்டரியை நம்பி அளக்க முடியாது. நன்றாக நிறைந்த பெட்டரி ஒன்றைக் கையோடு கொண்டுபோய், உச்சி வெயிலில் மாட்டி, மீற்றரைப் பார்த்துக்கொண்டே திருகாணியைத் திருப்ப வேண்டும். ஆகவே அன்று, மத்தியானம் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்த தையல்கார அக்காவின் வீட்டுக்கு முதலில் போகலாம் என்று, நான் தங்கியிருந்த அலுவிகாரையிலிருந்து புறப்பட்டபோது என் மோட்டார் சைக்கிளின் பின்னால் புதுப் பெட்டரி ஒன்று கட்டியிருந்தது. பையில் சிவப்பு, கறுப்பு வயர்கள், கிளிப்புகள், மீற்றர், சின்ன விளக்கு மினுங்குகிற கொன்ட்ரோலர் ஒன்று. அடையாள அட்டையிலோ தமிழ்ப் பெயரும் தோட்டத்து விலாசமும். சாவடியில் பையைத் திறந்த சிப்பாய் இரண்டடி பின்னால் பாய்ந்தான்.

தகரக் கூரை போட்ட ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். சார்ஜன்ட் பொல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். விளக்கத்தைக் கேட்டார், கடை நம்பரைக் கேட்டார், என் முன்னாலேயே பேசினார். அந்த ஃபோனில் எதிர்ப்பக்கம் பேசுவது அறை முழுவதும் கேட்கும். மனேஜரின் குரல் நிதானமாக வந்தது. அந்தப் பெயரில் ஒருவன் வேலை செய்கிறானாம். ஆனால் இன்றைக்கு யாரையும் எங்கேயும் அனுப்பவில்லையாம். பெட்டரி கொடுத்து அனுப்பவே இல்லையாம்.

அனுப்பினேன் என்றால் எதற்கு என்ற கேள்வி வரும். எதற்கு என்று சொன்னால் பெட்டரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதைவிட என்னை மாட்டிவிடுவது அவருக்குச் சுகமாக இருந்தது. சார்ஜன்ட் ஃபோனை வைத்துவிட்டு, பொலிஸ் ஜீப்பை வரச் சொன்னார். ஜீப்பில் ஏற்றப்பட்ட பிள்ளைகளைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்தேன். சிலர் மாதக்கணக்கில் திரும்பவில்லை. சிலர் எங்கே என்றே தெரியவில்லை. அம்மாவுக்கு யார் போய்ச் சொல்வார்கள் என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் மாத்தளைக்குப் போகிற பஸ் வந்து நின்றது. வழக்கம்போல எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். வெளியே நிறுத்தியிருந்த என் மோட்டார் சைக்கிளின் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் உச்சத்தில் கத்தியது. "இந்தச் சைக்கிள்காரன் எங்க? மத்தியானம் வாறேன்னு சொல்லிட்டு இங்க என்னா செய்றான்?" தையல்கார அக்கா! எனக்காக வேலையையெல்லாம் போட்டுவிட்டுக் காத்திருந்து, பொறுமை கெட்டு, கொன்ட்ரோலரைச் சுவரிலிருந்து தானே கழற்றிச் சீலைத் துண்டில் சுற்றி, மனேஜரின் மேசையில் விட்டெறிவதற்காகப் புறப்பட்டிருக்கிறார்.

"இவனத் தெரியுமா?" என்று கேட்டார் சார்ஜன்ட்.

"தெரியாம என்னா? என் பெட்டரிய நாசமாக்கின கூட்டம் இது!"

சீலையை அவிழ்த்து மேசையில் டொக்கென்று வைத்தார். என் பையில் இருந்ததும் அக்கா கொண்டுவந்ததும் அச்சு அசலாக ஒரே பெட்டி. சார்ஜன்ட் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப எதுக்கு இவங்க வீட்டுக்குப் போறாய்? உண்மையைச் சொல்லு." வாயைத் திறக்காதே என்றவரே என்னை அனுப்பவில்லை என்று சொல்லியாகிவிட்டது. பிறகென்ன? திருகாணியைக் காட்டினேன். பதின்மூன்று தசம் எட்டையும் சொன்னேன், பதினான்கு தசம் நான்கையும் சொன்னேன்.

அக்கா கத்துவதை நிறுத்தியிருந்தார். "அப்ப டீவியால இல்லையா மல்லி?" என்றார். கோபத்துக்கு நடுவிலும் தம்பி என்று அவர்கள் பாஷையில் கூப்பிட்டார்.

"இல்ல அக்கே."

"நான் அத வித்துட்டேனே."

அதற்குப் பிறகு அவர் சொன்னது சார்ஜன்டுக்கா எனக்கா என்று தெரியவில்லை. மூத்த மகன் ஆமியில், வவுனியாப் பக்கம். அவன் அங்கே போன நாளிலிருந்து புருஷன் ராத்திரி நியூஸ் பார்க்காமல் சாப்பிட மாட்டார். கடையில் வாங்கிய ஏச்சுக்குப் பிறகு வீட்டில் பெரிய சண்டை. விளக்கா டீவியா என்று வந்தபோது டீவியை விற்றாயிற்று. "இப்ப அந்த மனுசன் ஊரான் வீட்டு வாசல்ல நின்னு பாக்குறார். உள்ள கூப்பிட்டாலும் போறதில்ல. பெட்டரிய நீதான் கெடுத்தன்னு நான் ஏசின ஏச்சுக்கு, என்கூடப் பேசுறதும் இல்ல." சொல்லிவிட்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்து, பொட்டு அழுகையில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜீப் வந்தது. சார்ஜன்ட் வெளியே போய் அதைத் திருப்பி அனுப்பினார். "போ, இவங்க வீட்டு வேலைய முதல்ல முடி" என்றார்.

அக்கா பஸ்ஸிலும் நான் சைக்கிளிலுமாக அவர் வீட்டுக்குப் போனபோது வெயில் இன்னும் மிச்சமிருந்தது. வோல்ட்டைச் சரி பண்ணினேன். செத்த பெட்டரியைத் திருகாணி எழுப்பாது. அதைக் கழற்றி முற்றத்தில் வைத்துவிட்டு, நான் கொண்டுபோன புதுப் பெட்டரியை மாட்டிவிட்டு வந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. அக்காவின் புருஷன் வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ச் சிங்களத்தில் எல்லாவற்றையும் அவருக்கும் சொன்னேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

மனேஜர் இன்றைக்கும் மாத்தளையில் நல்ல சுகமாக இருக்கிறார். ஊருக்கு வெளிச்சம் கொண்டுவந்தவர் என்று கோவில் திருவிழாவில் மாலை போடுகிறார்கள். வழியில் கண்டால் "தம்பி" என்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். எத்தனை வருசத்துக் கதை, விட்டுத் தொலைங்களேன் என்கிறாள் மனைவி. முடியவில்லை. ஜீப்பை மறந்தாலும் மறுநாள் காலையை என்னால் மறக்க முடியாது.

அன்று கடைக்குள் நுழைந்ததும் மனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடித்தார்களா, சாப்பிட்டாயா, எப்படி வந்தாய் என்று ஒரு வார்த்தை இல்லை. "அந்தப் பொம்பளைகிட்ட ஏன் சொன்ன?" என்றார்; சார்ஜன்ட் மறுபடி ஃபோன் பண்ணியிருக்க வேண்டும். பிறகு என் சைக்கிளை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, பெட்டரி எங்க?"

"எந்த பெட்டரி சேர்?" என்றேன். "நேத்து நீங்க யாரையும் எங்கயும் அனுப்பலையே."