வெள்ளை மூடி போட்ட தைலம்

வலித் தைலம் காய்ச்சுகிற ஆளுக்குத்தான் முதலில் முதுகு பிடித்துக்கொள்ளும் என்பது இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டு அடுப்பில் எதையாவது காய்ச்சி, பாட்டிலில் அடைத்து, அக்கம்பக்கத்தில் விற்றுப் பிழைக்கிற என் சக பாவிகளே, தாராவியிலிருந்து செல்வி பேசுகிறேன். சிரிக்கக் கொஞ்சம் இருக்கிறது. மீதியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வராது.

நெடி

நொச்சி இலை, ஓமம், தட்டிப்போட்ட சுக்கு எல்லாம் நல்லெண்ணெயில் கிடந்து காய வேண்டும். சலசலப்பு அடங்கியதும் இறக்கி வடிகட்டி, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறிய பிறகு கற்பூரமும் புதினா உப்பும் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டுக் கொதிக்கக் கொதிக்கப் போட்டால் கற்பூரம் தைலத்தில் நிற்காது, பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். முதல் வருஷம் நான் அப்படித்தான் தெருவுக்கே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடி வீட்டு ஜெயா ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தாள்.

"அக்கா, இன்னைக்கு எங்க வீட்டு சாம்பாருக்குக்கூட இடுப்பு வலி போயிட்டு!"

எரிச்சல்

தோல் பை தைக்கிற முருகேசன் என் பழைய வாடிக்கை. நாள் முழுக்க மெஷினில் குனிந்து தோள்பட்டை கல்லாகக் கிடக்கும். இரண்டு நாள் தேய்த்துவிட்டு வந்து, "இது தைலமா, தலைக்கு வைக்கிற எண்ணெயா?" என்றான். மிளகாய் வற்றலைப் போட்டுக் காய்ச்சச் சொன்னான். தோல் வெந்துபோகும், முடியவே முடியாது என்று சண்டை போட்டேன். கடைசியில் அவன் தொல்லை பொறுக்காமல் ஒரு தடவை மட்டும் கற்பூரத்தை இரண்டு மடங்காகப் போட்டேன். ஆறு பாட்டில் வந்தது. அந்த ஆறு பாட்டிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை பிடிவாதம் எதற்கடா என்று கேட்டதற்கு அவன் சொன்னான்:

"எரியலன்னா அது வேலை செய்யுதுன்னு எனக்கு எப்டிக்கா தெரியும்?"

மூடி

என் கூட்டாளி எதிர்வீட்டு ரஹ்மத் அக்கா. மேலப்பாளையத்துக்காரி. நான் தைலம் காய்ச்சினால் அவள் அதே அடுப்பில் ஓம வாட்டர் இறக்குவாள். அது குழந்தைகளின் வயிற்று உப்புசத்துக்கு. இரண்டும் ஒரே மாதிரிப் பழுப்புப் பாட்டில், இரண்டிலும் ஓம வாசனை. லேபிளை நான் தமிழில் கையால் எழுதி ஒட்டுவேன். ரஹ்மத் அக்காவுக்கு எழுத்து தெரியாது. அதனால் அவள் வைத்த சட்டம் ஒன்று உண்டு: தைலத்துக்குச் சிவப்பு மூடி, குழந்தை மருந்துக்கு வெள்ளை மூடி.

அந்த ஆறு பாட்டில் காய்ச்சிய அன்றைக்குச் சிவப்பு மூடி தீர்ந்துவிட்டது. உலகத்து பிளாஸ்டிக் எல்லாம் வந்து சேருகிற தாராவியில் எனக்கு ஆறு சிவப்பு மூடி கிடைக்கவில்லை. மூடிக்கடைக்காரர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டாராம். வாசலிலோ மாட்டுங்கா விஸ்வநாதன் சார் நின்றுகொண்டிருந்தார். ரிட்டயரான கிளார்க், முழங்கால்வலிக்காரர். அவருக்கு ஒரு தைலம், டோம்பிவிலியில் இருக்கும் மகள் வயிற்றுப் பேரனுக்கு ஒரு ஓம வாட்டர். பேரனுக்குப் பத்து மாசம். ரஹ்மத் அக்கா, "சிவப்பு வரட்டும், நாளைக்குக் குடுப்போம்" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "லேபிள் எதுக்குக்கா ஒட்டியிருக்கு?" என்று கேட்டபடி தைலத்துக்கும் வெள்ளை மூடியைத் திருகினேன். சார் இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டார்.

"கொட்டை எழுத்துல எழுதியிருக்கேளே, அப்புறம் என்ன!"

காலையில் வந்த போன்

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். நொச்சி இலையை உருவிக்கொண்டிருந்தேன், சார் கூப்பிட்டார். "செல்வி, உங்க தைலம் என்ன இன்னிக்கு ஜலமா ஓடறது? கால்ல தடவினா ஒரு சூடும் இல்லை" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் இலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். லேபிளைப் பார்க்காமல் அவர் காலில் தடவிக்கொண்டது ஓம வாட்டர். அப்படியானால் இரண்டு மடங்கு கற்பூரம் போட்ட தைலம் எங்கே?

முந்தின நாள் சாயங்காலம் மகள் காயத்ரி ஆபீஸிலிருந்து திரும்பும்போது அப்பா வீட்டில் எட்டிப் பார்த்திருக்கிறாள். சார் குளித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்தபடியே, "பையில வெள்ளை மூடி போட்டது குழந்தைக்கு, எடுத்துண்டு போ" என்று குரல் கொடுத்திருக்கிறார். எப்போதும் என் தைலத்துக்குச் சிவப்பு மூடிதானே, அன்றைக்கு மட்டும் மாறியது குளிக்கிற அவசரத்தில் பாவம் அவருக்கு மறந்துபோனது. அவளும் கையில் அகப்பட்ட வெள்ளை மூடியை எடுத்துக்கொண்டு ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

கற்பூரம் கைக்குழந்தை வயிற்றில் போனால் வலிப்பே வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் லேபிளில் 'மேல் பூச்சுக்கு மட்டும், குடிக்கக் கூடாது' என்று எழுதுவேன். "சார், லேபிளைப் பார்த்திருப்பாங்கல்லா?" என்று கேட்டேன். சார் பதறினார்.

"செல்வி, அவ இங்கிலீஷ் மீடியம், அவளுக்குத் தமிழ் படிக்க வராதே!"

பெண்கள் பெட்டி

அன்றைக்குக் காயத்ரிக்கு லீவு, வீட்டில்தான் இருப்பாள் என்று போன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மாப்பிள்ளை வெளியூரில், அவர் போன் அணைந்திருந்தது. புது ஃபிளாட், பக்கத்து வீட்டு நம்பர் சாருக்குத் தெரியாது. "நீ கிளம்பு, நான் விடாம அடிக்கேன்" என்று ரஹ்மத் அக்கா என்னைத் தள்ளிவிட்டாள். சார் மாட்டுங்காவில் ஏற, நான் சயானில் அதே ரயிலின் பெண்கள் பெட்டியில் ஏறினேன்.

குர்லா, காட்கோபர், தானே. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு தடவை அடித்தேன். எடுக்கவில்லை. எடுக்காதது எதனால் என்று நினைக்கப் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாளோ? தாயே, அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது, இனிமேல் அடுப்பையே மூட்டமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு மூடிக்கு ஒருநாள் பொறுக்க முடியாத என்னை நானே செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது. கண்ணீரை முந்தானையில் துடைத்தால் முந்தானையெல்லாம் தைல நெடி, கண் இன்னும் எரிந்தது. பக்கத்தில் நெருக்கி நின்ற ஒரு பெண் மூக்கை உறிஞ்சிவிட்டு, கழுத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஆன்ட்டி, பாம் ஹை க்யா? கர்தன் மே பஹுத் தர்த் ஹை."

கழுத்து வலிக்கிறதாம், தைலம் வேண்டுமாம்!

மூன்றாவது மாடி

டோம்பிவிலியில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். மூன்றாவது மாடி. முழங்கால்வலிக்காரர் எனக்கு முன்னால் ஏறினார். பெல்லை அடித்தோம், கதவைத் தட்டினோம். உள்ளே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. காயத்ரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். "இப்படியா பெல் அடிப்பா? இத்தனை நேரம் நன்னா தூங்கிண்டிருந்தான்பா!" என்று அப்பாவைக் கடிந்தாள்.

"குடுத்துட்டியா?" என்று சார் கத்தினார். அவள் மேஜையைக் காட்டினாள். குழந்தைக்கு மருந்து புகட்டுகிற பாலாடையில் தைலம் விளிம்புவரை ஊற்றி வைத்திருந்தது. ராத்திரி வயிறு சரியாக இருந்ததால் கொடுக்கவில்லையாம். காலையில் அழுதான், எடுத்து ஊற்றினாளாம், அதற்குள் தூங்கிவிட்டானாம். போனைச் சத்தம் வராமல் அடுத்த அறையில் போட்டுவிட்டு, பிள்ளை முழித்ததும் புகட்டலாம் என்று காத்திருந்திருக்கிறாள். எண்ணெயாக இருக்கிறதே, நெடி அடிக்கிறதே என்று தோன்றவில்லையா என்றால், நாட்டு மருந்தென்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாளாம்.

நான் பாலாடையைத் தூக்கி சிங்க்கில் கொட்டிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு என்னை வேடிக்கை பார்த்தான். காயத்ரி என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. பாட்டிலைக் கையில் எடுத்து என் கொட்டை எழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"இதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது ஆன்ட்டி, எனக்குப் படிக்கத் தெரிஞ்சது மூடி மட்டும்தான்."

ஆறு பாட்டில்

அன்றைக்கே மீதி ஐந்து பாட்டிலையும் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கினேன். முருகேசன் மட்டும் தரமாட்டேன் என்று மல்லுக்கு நின்றான், இப்போதுதான் எரிகிறதாம். அவன் காலில் விழாத குறையாகப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். இப்போது லேபிளில் தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூன்றும் உண்டு. குறுக்கே கோடு போட்ட ஒரு பால் பாட்டில் படமும் உண்டு. ஓம வாட்டர் ரஹ்மத் அக்கா வீட்டு அடுப்புக்கே போய்விட்டது.

மூடிக்கடைக்காரர் ஊரிலிருந்து திரும்பியதும் ரஹ்மத் அக்கா ஒரு மூட்டை சிவப்பு மூடியை வாங்கி வந்து என் முன்னால் இறக்கினாள்.

"ஏட்டி செல்வி, எழுத்து தெரியாதவ போட்ட சட்டத்த, எழுத்து தெரிஞ்ச நீ ஒரு நிமிஷத்துல கழட்டிப்போட்டியே!"

முதுகுவலி, முழங்கால்வலி, கழுத்துவலி எல்லாவற்றுக்கும் என்னிடம் தைலம் இருக்கிறது, அந்த ஒரு மணி நேர டோம்பிவிலி ரயிலுக்குத்தான் எதைக் காய்ச்சித் தடவுவது என்று இன்னும் தெரியவில்லை.