உங்கட ரூட்ஸ் என்ன?

"உங்கட ரூட்ஸ் என்ன?" என்று டேவ் ஆங்கிலத்தில் கேட்டார். "மல்வேர்ன் பஸ், பிறகு சப்வே" என்றேன். இந்த ரொறன்ரோவில் பஸ் போகும் பாதையையும் 'ரூட்' என்றுதானே சொல்கிறார்கள், நான் என்ன செய்ய! டேவ், ஞாயிறு பின்னேரங்களில் ஒரு கோப்பிக் கடையில் அமெரிக்கானா பாடுகிறவர்களைக் கூட்டி, கூடவே வயலினும் வாசிக்கிறவர். கிட்டாரோடு, நாட்டுப்புற மெட்டில், தன் கதையைத் தானே எழுதிப் பாடும் பாட்டு அது. அவர் கேட்டது என் இசையின் வேரை. கடையே சிரித்தது. மகள் ஷெரின், "ஓ மை காட், அம்மா" என்று முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

வேர் மன்னார். தவக்காலத்தில் எங்கள் கோயிலில் பசான் பாடுவோம். இயேசு பட்ட பாடுகளை ஒப்பாரிபோல இழுத்துப் பாடுவது. குரல் உச்சிக்கு ஏறி, உடைந்து, வழுக்கி இறங்கும். அந்தக் குரலோடுதான் ரொறன்ரோவுக்கு வந்து, இங்குள்ள கோயில் பாடகர் குழுவில் சேர்ந்தேன். "அன்ரி, இழுக்காமல் நேராப் பாடுங்கோ" என்றார் குழுவை நடத்தியவர். நேராகப் பாடிப் பார்த்தேன். அது நானே இல்லை. மனம் விட்டுப்போய்ப் பாட்டையே நிறுத்திவிட்டேன். பல வருடங்களுக்குப் பிறகு, வேலை செய்யும் பேக்கரியில், ரேடியோவில் ஓர் அமெரிக்கத் தெற்குக்காரி பாடினாள். மா பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. அடியே, நீயும் இழுக்கிறாய்! உன்னை ஒருத்தரும் நேராகப் பாடச் சொல்லவில்லையா? அடுத்த கிழமையே பழைய கிட்டார் ஒன்று வாங்கினேன்.

டேவ் ரூட்ஸ் கேட்ட அந்த ஞாயிறுதான் முதன்முதலாக என் சொந்தப் பாட்டு. "இண்டைக்கும் சரிவராட்டில் கிட்டாரை வித்துப்போடுவன்" என்று ஷெரினிடம் சொல்லியிருந்தேன். கடை சிரித்த சிரிப்பில் காது சுட்டது. பயத்தில் ஆங்கில வரிகளை நேராகவே பாடினேன். கடைசி வரியில் 'மன்னார்' வந்தது. அந்தச் சொல்லை என்னால் நேராகப் பாட முடியவில்லை. குரல் ஏறி உடைந்தது. போச்சு என்று கண்ணை மூடினேன். டேவின் வயலின் என்னோடு சேர்ந்து இழுத்தது. அதற்குப் பிறகு கடை முழுக்க, அர்த்தம் தெரியாமலே, "மன்னாஆஆர்" என்று இழுத்தது. அழுதுவிட்டேன், வெட்கமே இல்லாமல்.

"கிட்டாரை விக்கிறியளோ?" பஸ்ஸில் ஷெரின் சீண்டினாள்.

"போடி."

"தென் சிங் இட் அகெய்ன், அம்மா."

பாடினேன். அவளும் சேர்ந்துகொண்டாள், உடைய வேண்டிய இடத்தில் சரியாக உடைந்து. இரண்டு பேருமாக மன்னாரை இழுத்து முடித்தபோது, மல்வேர்னில் நாங்கள் இறங்க வேண்டிய தரிப்பு தாண்டிப் போயிருந்தது.