முரளியின் பேச்சிலர் பார்ட்டியும் ஒரு நெல்லிமரமும்

நண்பன் முரளிக்குக் கல்யாணம். அடுத்த வாரம் அனந்தகிரி மலையில் பேச்சிலர் பார்ட்டி. டென்ட், கரியில் சுட்ட மட்டன், நல்ல ஒயின். எல்லாம் என் ஏற்பாடு.

இன்று குகட்பள்ளி டீக்கடையில் விவரம் சொன்னேன். தமிழ் பேசும் எங்கள் தெலுங்குக்காரன் சீனு கப்பைக் கீழே வைத்தான்.

"அரே, அது கார்த்தீக மாசம்டா. எங்க வீட்ல விரதம். மட்டன், ஒயின் ரெண்டும் நக்கோ, வேணாம்."

"அப்ப டென்ட்?"

"அது ஓகே. இந்த மாசம் காட்டுல நெல்லிமரத்தடியில சாப்பிட்டா புண்ணியம். அம்மா புளிஹோரா, அதான் உங்க புளியோதரை, கட்டிட்டு வர்றேன்னாங்க."

மாப்பிள்ளை முரளி போனிலிருந்து தலை தூக்கினான். "மாமனார்கிட்ட சொன்னேன். அவங்களும் குடும்பத்தோட வர்றாங்களாம்."

ஆக, பேச்சிலர் பார்ட்டிக்கு வேன் நிறையக் குடும்பஸ்தர்கள் போகிறோம்.

ஒயின் கிளாஸ்களை ஏற்கெனவே வாங்கித் தொலைத்துவிட்டேன். அவற்றில் பானகம் ஊற்றலாமா? சாஸ்திரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.