அக்காவின் பட்டில் பிடுங்கிய நூல்

அக்காவுக்கு முகூர்த்தப் பட்டு எடுக்கப் போன அன்று என் கைப்பையில் ஒரு காலித் தீப்பெட்டி இருந்தது. நூல் கிடைத்தால் போட்டு வைப்பதற்கு. எழுபதுகளின் கடைசி அது. நான் கல்லூரியில் ரசாயனம் இரண்டாம் வருஷம். பட்டு நூலைக் கொளுத்தினால் முடி கருகும் வாடை வரும், செயற்கைப் பட்டு என்றால் காகிதம் எரிகிற வாடை வரும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்ததிலிருந்து, கண்ணில் பட்ட சேலையை எல்லாம் கொளுத்திப் பார்க்கக் கை துறுதுறுத்தது. அம்மாவின் பழைய பட்டில் பாதிக் குஞ்சம் அப்படித்தான் போனது.

காரணம் இல்லாமல் நான் சந்தேகப்படவில்லை. விளாங்குடியில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது. அவள் மறுவீட்டுக்கு வந்தபோது முகூர்த்தப் பட்டை நனைத்துப் போட்டாள். காய்ந்ததும் எடுத்தால் சாக்கு மாதிரி சுருண்டு கிடந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆர்ட் சில்க்கைப் பட்டு என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டார்கள் என்று தெருவே பேசியது. அவள் அப்பா போய்ச் சண்டை போட்டார். விளைவு, அந்தப் பெண் மூன்று மாதம் பிறந்த வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். கல்லூரிக்குப் போகும்போதும் வரும்போதும் அவளைப் பார்ப்பேன்.

எங்கள் பக்கம் முகூர்த்தப் பட்டு மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. பெண்ணையும் கடைக்கு அழைத்துப்போய் நடுவில் உட்கார வைப்பார்கள். ஆனால் அவள் வாயைத் திறந்து இது வேண்டும், அது வேண்டாம் என்று சொல்லக் கூடாது. எடுத்த சேலை அவர்கள் வீட்டுக்குத்தான் போகும். நல்ல நாள் பார்த்துச் சாமி முன்னால் வைத்து, முனையில் மஞ்சள் தடவி, கல்யாணத்தன்று தாம்பாளத்தில் கொண்டுவருவார்கள். அதுவரை நம் கண்ணில் படாது. இடையில் முழுசாக ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் ஒரு சேலையை என்னென்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே டவுன் பஸ்ஸில் போனேன்.

மாசி வீதியில் அந்த ஜவுளிக்கடை. மாப்பிள்ளையின் அம்மா மேலூரிலிருந்து ஏழெட்டுப் பேரோடு வந்து எங்களுக்கு முன்பே மெத்தை விரிப்பில் உட்கார்ந்திருந்தார். நான் அத்தை என்று கூப்பிட வேண்டியவர். அதிகம் பேச மாட்டார், பார்ப்பார். அவர் பார்வை ஒருவர் மேல் விழுந்தால் அவ்வளவு சீக்கிரம் நகராது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

விற்பனையாளர் ஒவ்வொரு சேலையாக உதறி விரித்தார். அக்கா தலையைக் குனிந்தபடி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பதாவதோ நாற்பதாவதோ, அரக்கு நிறத்தில் பச்சைக் கரை போட்ட ஒன்று விழுந்தபோது அவள் கண் அதிலேயே நின்றுவிட்டது. நான் பார்த்தேன். அத்தையும் பார்த்துவிட்டார். உடனே எழுந்து விற்பனையாளரைத் தூண் பக்கம் கூப்பிட்டு அவர் காதில் என்னவோ சொன்னார். அவர் சிரித்துத் தலையாட்டினார். திரும்பி வந்து மற்ற சேலைகளை எல்லாம் மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு அது போதும். அக்காவின் தோளில் சேலையைப் போட்டுப் பார்த்தபோது, முந்தியைச் சரிசெய்வதுபோலப் போய்க் குஞ்சத்திலிருந்து இரண்டு இழையைப் பிடுங்கி உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டேன். நிமிர்ந்தால் அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“என்னத்தா, சேலை பிடிச்சிருக்கா?”

“பிடிச்சிருக்கு அத்தை.”

“ஒனக்கா, ஒங்க அக்காளுக்கா?”

மேலூர்க்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அவர்கள் பார்வை திரும்பியதும் நூலைத் தீப்பெட்டிக்குள் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்குப் போய் ஸ்டவ்வைப் பற்றவைத்து ஓர் இழையைக் காட்டினேன். குப்பென்று பிடித்து எரிந்தது. பழைய நோட்டைக் கொளுத்தின வாடை. இரண்டாவதும் அப்படியே. கண்டுபிடித்துவிட்டேன் என்று முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும். பிறகுதான் கண்டுபிடித்தது என்ன என்று உறைத்தது.

அக்காவிடம் சொன்னேன். அவள் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“இத அப்பாகிட்டச் சொன்னேன்னு வையி, நேரா மேலூருக்கு பஸ் ஏறிருவாரு. அப்பறம் நானும் அவள மாதிரி வாசல்ல உக்கார வேண்டியதுதான்.”

சொல்லவில்லை. ஆனால் அந்த மாதம் முழுக்க அக்கா மாறிப்போனாள். அத்தை ஒருமுறை வந்து இரண்டு வளையல் கொடுத்தபோது, அவர் எதிரிலேயே அவற்றைத் திருப்பித் திருப்பி உள்பக்கம் பார்த்தாள். மாப்பிள்ளை எழுதிய கடிதத்தை வேறு யாருடைய கையெழுத்தோ என்று என்னிடம் காட்டிக் கேட்டாள். போகப்போகிற வீட்டில் எதையும் நம்பாமல் ஒருத்தி எப்படிக் குடித்தனம் நடத்துவாள் என்று எனக்குப் பயம் வந்தது. தீ வைத்தது நான்தான்.

கல்யாணம் பழங்காநத்தத்தில் ஒரு மண்டபத்தில். விடிந்ததும் தாம்பாளத்தில் பட்டு வந்தது. அதே அரக்கு, அதே பச்சை. கரை கொஞ்சம் அழுத்தமாகத் தெரிந்தது. அல்லது எனக்கு அப்படிப் பட்டதோ என்னவோ. மணப்பெண் அறையில் அக்காவும் நானும் மட்டும். அக்கா சேலையைத் தொடவில்லை, என்னைப் பார்த்தாள். நான் குஞ்சத்தில் ஓர் இழையைப் பிடுங்கித் தீக்குச்சியைக் கிழித்தேன்.

இழை சுருண்டது, பொசுங்கியது, அணைந்தது. அறை முழுக்க முடி கருகின நாற்றம்.

“அக்கா, அசல் பட்டுக்கா.”

அவள் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. அத்தை.

“யாரு இங்க முடியப் பொசுக்குனது?”

அவர் என் கையிலிருந்த தீப்பெட்டியைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

“கடையில நீ நூலப் பிடுங்குறப்பவே பாத்தேன். படிச்ச புள்ள சும்மா பிடுங்க மாட்டாளேன்னு, வீட்டுக்குப் போனதும் நானும் ஒரு இழையக் கொளுத்திப் பாத்தேன். நல்லவேளை, மஞ்சத் தடவல. தடவியிருந்தா கடைக்காரன் திருப்பி வாங்கியிருப்பானா? மறுநாளே போயி அவன உண்டு இல்லைன்னு ஆக்கிட்டு, இதே கலர்ல அசலா வாங்கியாந்தேன்.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல அத்தை?”

“நீ எங்கிட்டச் சொன்னியா?”

அப்போது அக்கா பேசினாள். அத்தையிடம் அவள் தலை நிமிர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை.

“நானும் ஒங்கள சந்தேகப்பட்டேன் அத்தை.”

“தெரியும். அன்னைக்கு வளையல எம்புட்டு நேரம் திருப்பித் திருப்பிப் பாத்த. எனக்குக் கோவந்தான் வந்துச்சு. ஊருக்குப் போற பஸ்ல யோசிச்சேன். என் வீட்டுச் சாவி நாளைக்கு இவ கைக்குத்தான வரப்போகுது, பாக்கட்டும், நல்லாப் பாக்கட்டும்னு விட்டுட்டேன்.” எழுந்து சேலையை உதறினார். “நேரமாச்சு. நில்லு, நானே கட்டிவிடுறேன்.”

அக்கா கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அத்தை கொசுவம் வைக்க வைக்க, அவள் முகத்தில் ஒரு மாதமாக இருந்த இறுக்கம் கழன்றது. அதற்கு மேல் எனக்கு அங்கே வேலையில்லை என்று தெரிந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அத்தை, கடையில தூண் பக்கம் கூப்பிட்டு அந்த ஆள்கிட்ட என்ன சொன்னீங்க?”

ஊக்கைப் பல்லில் கடித்திருந்தார். அதை எடுத்து மடிப்பில் குத்திவிட்டுத்தான் திரும்பினார்.

“அது ஒனக்கெதுக்கு?”

ஏழெட்டு வருஷம் ஆகிறது. அக்காவின் இடுப்பில்தான் இப்போது அந்த வீட்டுச் சாவி. அவளிடம் விசாரிக்கச் சொன்னேன். அவளிடமும் அத்தை சொல்லவில்லையாம். மாசி வீதிப் பக்கம் போனால் நான் அந்தக் கடையை எட்டிப் பார்க்காமல் வருவதில்லை. அதே விற்பனையாளர்தான், அதே தூணுக்குப் பக்கத்தில். போன வாரம் என்னைப் பார்த்துச் சிரித்தார்.