பதினோரு புளியங்கொட்டை

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரே ஒரு சொல்தான். அதை வைத்துக்கொண்டே எழுபது வயதைத் தாண்டிவிட்டேன், ஒரு இடத்திலும் மாட்டிக்கொள்ளவில்லை. மத்திகிரியில் மகன் வீட்டுக்கு வந்த புதிதில், மாடிப்படியில் எதிரே வரும் வடக்கத்திப் பையன்கள் என்னைப் பார்த்து ஏதோ சொல்வார்கள். "ரைட்டு" என்பேன். அவர்களும் "ரைட்டு" என்று சிரித்துக்கொண்டே கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். என்ன சொன்னான் அத்தை என்று மருமகள் கேட்பாள். எனக்கெதற்கு அது? பேச்சு முடிந்ததா இல்லையா.

இந்தச் சொல்லை நான் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. கொட்டை போட்டு எண்ணிச் சேர்த்தேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்திருந்தது. எங்கள் ஊர் அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம், காட்டை ஒட்டி. நாளைக்கு இரண்டே பஸ். அக்கா மட்டும் தேன்கனிக்கோட்டையில் அத்தை வீட்டில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு முடித்துவிட்டு வந்திருந்தாள். அவளிடம் ஒருநாள் கேட்டேன்.

"ரைட்டுன்னா என்னக்கா?"

"சரின்னு அர்த்தம்."

"அப்ப கண்டக்டர் சொன்னா பஸ் ஏன் கெளம்புது?"

"அங்க அது போலாம்னு அர்த்தம்."

"ஏதாவது ஒண்ணச் சொல்லுக்கா. சரியா, போலாமா?"

அக்கா சிரித்துவிட்டாள். இன்னும் நிறைய இருக்கிறது, பத்து அர்த்தம் கண்டுபிடித்தால் என் மைப் பேனாவையே உனக்குத் தருகிறேன் என்றாள். என் பெயரைத் தவிர வேறெதுவும் எழுதத் தெரியாத எனக்கு அந்தப் பேனா மேல் அப்படி ஓர் ஆசை. அன்றே ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டேன். ஓர் அர்த்தத்துக்கு ஒரு புளியங்கொட்டை.

காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, ஊரே அந்தச் சொல்லைத்தான் மென்றுகொண்டிருந்தது. மூங்கில் லாரி பின்பக்கமாக நகரும்போது கிளீனர் தகரத்தைத் தட்டி "ரைட்ல ஒடி" என்பான். அது வலது பக்கம். வாத்தியார் நோட்டில் போடுவதும் ரைட்டு. அது அடுத்தவர் நோட்டில்தான் எனக்குத் தெரியும். மில்லில் பெல்ட் மாட்டி முடித்த தெலுங்குக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு "இப்ப ரைட்டு" என்றால் பழுது தீர்ந்தது. கன்னடத்து வளையல்காரர் கூடையைத் தூக்கிக்கொண்டு சொன்னால் போய் வருகிறேன். அப்பா "ரைட்டு, ரைட்டு" என்று இரண்டு தடவை சொன்னால் என்னை விடு என்று பொருள். அவரவர் பாஷையில் வேறு வேறு சொல் இருந்தாலும், இந்த ஒன்றில் எல்லோரும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

புத்தகத்தில் உரிமை என்றும் ஓர் அர்த்தம் இருப்பதாக அக்கா சொன்னாள். எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்குக் கொட்டை கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஒன்பதில் வந்து நின்றுவிட்டது. பத்தாவதைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. மாட்டுத் தரகர். சந்தையில் தோளில் கிடக்கும் துண்டை விரித்து, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசி, துண்டை உதறி "ரைட்டு" என்றால் மாடு கைமாறிவிட்டது. ஒருநாள் காலையில் வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"படிச்ச வரைக்கும் போதும். அக்கா மவ எனக்கு உரிமை. தையில முடிச்சிருவோம். என்ன மாமா, ரைட்டா?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு "ரைட்டு" என்றார்.

பேரம் படிந்தது! பத்தாவது அர்த்தம்! டப்பாவை ஆட்டிக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். அவள் கொட்டையை எண்ணிப் பார்க்கவில்லை, அர்த்தத்தையும் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து பேனாவை எடுத்துக் கொடுத்துவிட்டாள். இவ்வளவு சுலபமாகத் தருகிறாளே என்று எனக்குத்தான் ஆச்சரியம்.

பத்து நாளில் அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. நர்ஸ் படிப்புக்கு அவள் எழுதிப் போட்டிருந்தாளாம். நேரில் வரச்சொல்லிக் கிருஷ்ணகிரியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். அன்று விட்டால் அவ்வளவுதான். போய்ட்டு வரட்டுமே தம்பி என்று அம்மா இழுத்தாள். அம்மா தன் தம்பியிடம் அதற்கு மேல் பேசி நான் பார்த்ததில்லை. ஆச்சரியமாக மாமா ஒப்புக்கொண்டார். "நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

புறப்படுவதற்கு முதல் நாள் மாலை அம்மா புளி தட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று என்னைக் கேட்டாள்.

"ஏன்டி, சில நேரம் கண்டக்டரு வாயே தெறக்கறதில்ல. அப்பவும் பஸ்சு கெளம்புதே, எப்பிடி?"

"மேல கயிறு ஓடுதில்லம்மா, அதுல மணி கட்டிருக்கும். ஒரு தரம் இழுத்தா நிக்கணும். ரெண்டு தரம் இழுத்தா ரைட்டு."

"அதுவும் ரைட்டா? அப்ப அதுக்கும் ஒரு கொட்ட போடு" என்று கையிலிருந்ததை எடுத்து நீட்டினாள்.

மறுநாள் மாமா, அம்மா, அக்கா, நான் என்று நான்கு பேரும் பஸ் ஏறினோம். தேன்கனிக்கோட்டையில் நின்றதும் மாமா முதலில் இறங்கினார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"எறங்குங்க. எதுத்தாப்புல நிக்கிறது நம்ம ஊர் பஸ்சு. நாளைக்கு வெத்தல பாக்கு மாத்தறோம். நர்சு கிர்சுன்னு இனி பேச்சு வரக்கூடாது."

அக்கா சர்ட்டிபிகேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அம்மா மெல்ல எழுந்து நின்றாள். இறங்கத்தான் எழுந்தாள் என்று நினைத்தேன். எதிர் பஸ்ஸில் கூட்டம் ஏறுவதைப் பார்த்த மாமா, துண்டு போட்டு இடம் பிடிக்க அந்தப் பக்கம் ஓடினார். எங்கள் கண்டக்டர் முன்னால் ஒரு கோழிக்கூடைக்காரரிடம் லக்கேஜ் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மாமா எட்டி ஜன்னலுக்குள் துண்டை வீசுவது எனக்குத் தெரிந்தது.

எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம். சீட் மேல் ஏறி நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "ரைட்! ரைட்!"

பஸ் கிளம்பிவிட்டது.

மாமா திரும்பினார். துண்டு அந்த பஸ்ஸில், நாங்கள் இந்த பஸ்ஸில். எதன் பின்னால் ஓடுவதென்று தெரியாமல் ஒரு கணம் நின்றார். அப்புறம் வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு "ஹோல்டான்! ஹோல்டான்!" என்று பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடிவந்தார். சந்தையில் அத்தனை மாட்டை மடக்கிய மனிதரால் ஒரு பஸ்ஸை மடக்க முடியவில்லை.

"யாரும்மா ரைட் குடுத்தது?" கண்டக்டர் கத்திக்கொண்டே வந்தார்.

"நான்தான்!" என்றேன்.

என்னைப் பார்த்தார். அப்புறம் என் தலைக்கு மேலே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஹோகலி" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். போகட்டும் என்று அர்த்தம். எதற்கு மேலே பார்த்தார் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்க எனக்கு எங்கே நேரம்? பஸ்ஸையே ஓட்டிக்கொண்டிருந்தேன் அல்லவா.

அக்காவை எடுத்துக்கொண்டார்கள். முப்பத்தைந்து வருஷம் வெள்ளைச் சேலை கட்டி வேலை பார்த்தாள். மூன்று வருஷம் எங்கள் வாசல் மிதிக்காத மாமா, வேறிடத்தில் கட்டிய மனைவிக்குப் பிரசவம் சிக்கலானபோது அக்கா இருந்த ஆஸ்பத்திரிக்குத்தான் வண்டி கட்டி வந்தார். "பொண்ணு மாமா. ரெண்டு உசுரும் நல்லாருக்குது" என்று அக்கா வெளியே வந்து சொன்னாள். மாமா துண்டால் முகத்தை மூடித் துடைத்துக்கொண்டார். "ரைட்டும்மா" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நானும் அக்காவும் இன்னும் முடிவு செய்யவில்லை.

இந்தக் கதையை நான் சொல்லாத ஆள் கிடையாது. அக்காவை நர்ஸ் ஆக்கியவள் நான் என்றுதான் ஆரம்பிப்பேன். அம்மா இருந்தவரை பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமா, எம்மவ ஒரு சத்தம் போட்டா, பஸ்சு கெளம்பிருச்சு" என்று ஒத்து ஊதுவாள்.

போன மாதம் அக்கா வந்திருந்தபோது மருமகளிடம் மறுபடி சொன்னேன். அக்கா காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீ கத்துனது பக்கத்துல இருந்த எனக்கே சரியாக் கேக்கல. அந்த இன்ஜின் சத்தத்துல டிரைவருக்கு எங்கடி கேட்டிருக்கும்? மணி ரெண்டு தரம் அடிச்சுது. அம்மா கை மேல போனத நான் பார்த்தேன். சொல்லாதன்னு கண்ணாலயே சொல்லிட்டா."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் பெருமையில் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அந்த மணியைச் சொல்லிக்கொடுத்தவள் யார்? தம்பி எதிரே வாய் திறக்கத் தெரியாதவள், வாய் திறக்காமலே ஒரு பஸ்ஸைக் கிளப்ப வழி கேட்டிருக்கிறாள். அது தெரியாமல், அவள் நீட்டிய பதினோராவது கொட்டையை வாங்கி டப்பாவில் போட்டுக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன் நான்.