எத்தனை கிலோ பொருத்தம்

1. முதல் நாள்

விருத்தாசலத்தில் ஒரு சின்னத் தனியார் மருத்துவமனையில் நான் டயட்டீஷியனாகச் சேர்ந்த அன்று, முதல் பேஷண்டு கதவைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிவிட்டார். வெளியே நர்ஸிடம் அவர் சொன்னது எனக்குத் தெளிவாகவே கேட்டது.

"உள்ள ஏற்கெனவே ஒரு பேஷண்டு இருக்குதும்மா. அவங்க முடிச்சிட்டு வரட்டும்."

கண் டாக்டர் கண்ணாடி போட்டிருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. என்னிடம் எல்லோரும் கேட்கிறார்கள். இருபது வருஷமாக நான் எண்பது கிலோவைச் சுற்றியே வட்டமிட்டுக்கொண்டிருக்கிறேன். நான் எழுதிக் கொடுக்கும் டயட் சார்ட்டை நானே கடைப்பிடித்ததில்லையா என்றால், கடைப்பிடித்திருக்கிறேன். அந்தக் கதை வேண்டாம்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். "நான் எத்தனை கிலோ இருக்கணும்?" என்று கேட்டு வருகிறவர் யாருக்கும் நம்முடைய பதில் தேவையில்லை. நம்பரை அவர் வீட்டிலிருந்தே கொண்டு வந்திருப்பார். சிலருக்கு அது கல்யாணத்தன்று இருந்த எடை. சிலருக்குப் போனில் ஏதோ ஆப் சொன்னது. ஒரு அம்மாவுக்கு அது அவருடைய நாத்தனாரின் எடை, அதிலிருந்து ஒரு கிலோ கம்மி. நம் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

2. மேஸ்திரியின் நம்பர்

ராஜமாணிக்கம் இங்கே ஒரு செராமிக் யூனிட்டில் அச்சு மேஸ்திரி. பியூஸ் கட்டையும் பொம்மையும் செய்கிற இடம். வயது ஐம்பத்திரண்டு, உயரம் 168 சென்டிமீட்டர், எடை 96. சுகர் ஏறியிருக்கிறது என்று எங்கள் டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு என்னிடம் அனுப்பியிருந்தார். கூடவே அவர் மனைவி.

"அறுபத்தெட்டுக்கு வரணுங்க. உயரத்துல நூறைக் கழிச்சாப் போதும்னு யூனிட்ல சொன்னாங்க."

"அறுபத்தெட்டா?" என்றார் மனைவி. "என்னைக் கட்டிக்கிட்டு வந்தப்ப நீங்க அம்பத்தெட்டு. காத்தடிச்சா வேட்டி மட்டும்தான் தெரியும்."

எங்கள் உயரம்-எடை டேபிள் அவருக்கு அறுபத்தைந்துக்குள் என்று சொன்னது. நம்மூர் உடம்புகளுக்கு வயிற்றில் சதை சீக்கிரம் சேரும், சுகரும் சீக்கிரம் வரும் என்பதால் நமக்கான டேபிள் கொஞ்சம் கறார். ஆனால் டேபிளுக்கு எலும்பு தெரியாது. அவருடைய மணிக்கட்டை அவரையே பிடித்துப் பார்க்கச் சொன்னேன். கட்டைவிரலும் நடுவிரலும் ஒன்றையொன்று தொடவே இல்லை. இது ஒரு பட்டிக்காட்டு டெஸ்ட்தான், சட்டம் இல்லை. ஆனால் அகலமான தோள், தடித்த எலும்பு, வருஷக்கணக்கில் பிளாஸ்டர் அச்சு தூக்கிய கை, எல்லாம் சேர்ந்து ஒன்றைச் சொன்னது. இந்த ஆளை அறுபத்தைந்துக்கு இறக்கினால் சதையோடு ஆளும் போய்விடுவார்.

"முதல்ல எண்பத்தெட்டு வாங்க. அதுக்கே ஆறு மாசம் எடுத்துக்கலாம். சுகரும் மூட்டும் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு, அப்புறம் எழுபத்தாறு. அதுக்குக் கீழ உங்களுக்கு வேலை இல்லை. இடுப்பைச் சுத்தி டேப் வெச்சு அளந்துக்கங்க, அது மிஷினைவிட உண்மை பேசும்."

மேஸ்திரி என் இடுப்பை ஒரு தடவை பார்த்துவிட்டு மரியாதையாகச் சுவரைப் பார்த்தார்.

3. ஊதுறதுக்கு இடம்

அடுத்த மாதம் வரச் சொன்னவர் வரவில்லை. ஐந்து மாதம் கழித்து ஒருவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். யாருடைய அண்ணன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"என்னாங்க மேடம், தெரியலையா? மேஸ்திரிங்க."

எடை எழுபது. கன்னம் ஒட்டி, சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்துக்கு இடம் இருந்தது. சூளைப் பக்கம் போனால் தலை சுற்றுகிறது, கை நடுங்குகிறது என்றார். ராத்திரி சாப்பாட்டை அடியோடு விட்டிருக்கிறார். காலையிலும் மாலையிலும் கம்மாபுரம் ரோட்டில் நடை. பழைய எடைக்கு எழுதின மாத்திரை மட்டும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

"எழுபத்தாறுன்னுதானே சொன்னேன்? அதுவும் மெதுவா."

"எழுபத்தாறுதாங்க. நான் மாத்தலியே. எங்க தொழில்ல அச்சுல பச்சையா இருக்குற சாமான் சூளையில வெந்தா சுருங்குங்க. அதனால சுருங்குறதுக்கு இடம் விட்டு அச்சைப் பெருசா வெப்போம். உடம்பு அதுக்கு நேரெதிரு. விட்டா ஊதும். அதான் ஊதுறதுக்கு இடம் விட்டு ஒரு ஆறு கிலோ கூடக் கொறைச்சு வெச்சிருக்குறேன்."

இத்தனை வருஷத்தில் நான் கேட்ட தப்புக் கணக்குகளிலேயே இதுதான் ஒழுங்கானது. வேகமாகக் குறைந்தால் கொழுப்போடு தசையும் போகும், தசை போன உடம்பு முன்னைவிட சுலபமாக ஊதும் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். அது சாப்பிடாத ஆளின் தலையாட்டல்.

டாக்டர் உடனே மாத்திரையைப் பாதியாக்கினார். கூடவே ஒரு எக்ஸ்ரே எழுதினார். பீங்கான் யூனிட்டில் முப்பது வருஷம் களிமண் மாவுத் தூசியில் நின்ற ஒருவர் இந்த வேகத்தில் இளைத்தால், டயட்தான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. நுரையீரலைப் பார்த்தே ஆக வேண்டும்.

மேஸ்திரி சீட்டை மடித்துப் பையில் வைத்தார். "இப்ப வேணாங்க. பொண்ணுக்குச் சேத்தியாத்தோப்புல எடம் கூடி வந்திருக்குது. அடுத்த மாசம் நிச்சயம். நான் எக்ஸ்ரே ரூம் வாசல்ல உக்காந்திருக்குறதை ஒருத்தன் பாத்தாப் போதும்."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. இந்த ஊரில் முதலாளி இளைத்தால் ஜிம்முக்குப் போகிறார் என்பார்கள். தொழிலாளி இளைத்தால் நெஞ்சில் தூசி இறங்கிவிட்டது என்பார்கள்.

4. பெண் கேட்டவர்கள்

அவருடைய எக்ஸ்ரே வருவதற்கு முன் சேத்தியாத்தோப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா, கூட அவருடைய தம்பி. தம்பி பெரிய வயிற்றோடு வெள்ளைச் சட்டையில் வந்து, என் ரூமில் இருந்த எடை மிஷினைச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

"சுத்தி வளைக்காமக் கேக்குறோம்" என்றார் அந்த அம்மா. "ராஜமாணிக்கம் உங்ககிட்டதான் வராராமே. அவருக்கு என்னா?"

"ஒரு பேஷண்டைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட நாங்க சொல்லக் கூடாதும்மா."

"பொண்ணு பாக்க வந்தப்ப நல்லா திடமா இருந்தாரு. இப்பப் பாத்தா என் தம்பி, யாருக்கா இதுன்னு கேக்குறான்."

"நான் ஒண்ணும் சொல்லக் கூடாதும்மா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பி தணிந்த குரலில் சொன்னார்: "சொல்லக் கூடாத நோவுங்குறாங்க, கேட்டியாக்கா."

விதிப்படி நடந்துகொண்டால் மனம் நிம்மதியாக இருக்கும் என்று படிக்கும்போது சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அன்று மத்தியானம் என்னால் சாப்பிட முடியவில்லை. எனக்கு அது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை.

மூன்றாம் நாள் மேஸ்திரியும் மனைவியும் வந்தார்கள். நிச்சயத்தைத் தள்ளிவைக்கச் சொல்லிப் போன் வந்திருக்கிறது.

"ஒண்ணுமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னா மேடம்?" என்றார் மனைவி. "எம்பொண்ணு ரெண்டு நாளா வூட்ட வுட்டு வெளிய வரல."

"ஒண்ணுமில்லைன்னு எனக்கே தெரியாதே. எக்ஸ்ரே எடுத்தாத்தானே தெரியும்."

மனைவி அவர் பக்கம் திரும்பினார். எக்ஸ்ரே எழுதின விஷயமே அந்த அம்மாவுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மேஸ்திரி மடித்து வைத்திருந்த எக்ஸ்ரே சீட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

"ஊரு பாக்கும்னு சொன்னது பாதிதாங்க" என்றார். "எங்கூட வேலை பாத்த ரெண்டு பேரு இப்பிடி இளைச்சுத்தான் போனாங்க. நான் நடந்து இளைச்சேனா, அதுவா இளைக்குதான்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்குது. எடுத்து, அதுல ஏதாச்சும் இருந்துட்டா?"

மனைவி எழுந்தார். "இருந்தா வைத்தியம் பாப்போம். கெளம்புங்க."

எக்ஸ்ரே ரூம் வாசலில் எல்லோரும் பார்க்க, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார் மனைவி. பார்த்தவர்களைத் திருப்பிப் பார்த்தார்.

படம் சுத்தமாக இருந்தது. சளியும் சோதித்தார்கள். அதிலும் ஒன்றுமில்லை. டாக்டர் சொன்னதும் மேஸ்திரி, "அப்ப நான்தான் இளைச்சேன்" என்றார். ஏதோ பரிசு வாங்கினவர் மாதிரி.

5. பஞ்சாயத்து

சொல்லக் கூடாது என்கிற விதியில் ஒரு கதவு உண்டு. பேஷண்டே சம்மதித்தால் சொல்லலாம். அந்த வாரக் கடைசியில் மேஸ்திரி சேத்தியாத்தோப்புக்காரர்களை என் ரூமுக்கே வரவழைத்து, அவர்கள் எதிரில் உட்கார்ந்தார்.

"என் முன்னாடியே சொல்லுங்க மேடம். எதையும் வுட்டுடாதீங்க."

சொன்னேன். சுகர் இருந்தது, இப்போது கட்டுக்குள் இருக்கிறது. நெஞ்சில் ஒன்றுமில்லை. இளைத்தது நடந்ததால், சாப்பாட்டைக் குறைத்ததால். ஆனால் தேவைக்கு மேல் இளைத்துவிட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா நம்பாமல் கேட்டார். "வேணும்னே இளைச்சாரா? பொண்ணைக் கட்டிக் குடுக்குற நேரத்துல வேணும்னே யாராச்சும் இளைப்பாங்களா?"

"உடம்புக்கு நல்லதும்மா."

"நல்லதுங்குறீங்க. முகத்துல தெரிய வேணாமா?" என்றார் தம்பி. பிறகு என்னைக் காட்டினார். "இந்தா, மேடம் மாதிரி இருந்திருந்தா நாங்க ஏன் வந்து கேக்கப்போறோம்?"

என் உடம்பு என் தொழிலுக்கு உதவியது அந்த ஒரு முறைதான்.

அந்த அம்மா தம்பியைக் கையமர்த்தினார். "சரி, சம்பந்தம் பண்ணுவோம். ஆனா நிச்சயத்துல நாலு பேரு என்னைக் கேள்வி கேக்கக் கூடாது. அவரை எண்பதாக்கிக் குடுங்க."

"எண்பது அதிகம்மா. எழுபத்தாறுதான் அவரு எலும்புக்கு."

"எழுபத்தாறுல கன்னம் வருமா?"

"கொஞ்சம் வரும்."

"கொஞ்சமெல்லாம் போட்டோவுல தெரியாது. எழுபத்தெட்டு."

கத்திரிக்காய் வாங்குவதுபோல் பேசினார். டாக்டர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் எழுபத்தெட்டு ஒன்றும் தப்பில்லை என்று தோளைக் குலுக்கினார். படித்த படிப்பும் மாப்பிள்ளை வீடும் ரெண்டு கிலோ வித்தியாசத்தில் ஒத்துப்போனதை நான் அன்றுதான் பார்த்தேன். ராத்திரி சாப்பாட்டைத் திரும்ப எழுதினேன். முட்டை, மீன், சுண்டல், கையளவு சோறு, தசை திரும்ப வர லேசாக வெயிட் தூக்குவது. டயட் சார்ட்டில் எடையை ஏற்றச் சொல்லி எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது. பழக்கமில்லை.

நிச்சயம் நடந்தது. கல்யாணம் ஸ்ரீமுஷ்ணத்தில். மேஸ்திரி எழுபத்தேழில் நின்றார். எல்லாப் போட்டோவிலும் கன்னம் இருந்தது.

6. கற்றுக்கொண்டது

அதற்குப் பிறகு நான் உயரத்தையும் எலும்பையும் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறேன். நீங்க சொல்ற நம்பர் யாரோடது? கல்யாணப் போட்டோவுடையதா, ஆப்புடையதா, நாத்தனாருடையதா என்று தெரியாமல் சரியான எடை சொல்வது வீண். சொந்தக்காரர் தெரிந்த பிறகு டேபிள், டேப், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் பார்க்கலாம். முதலில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் போதும். அங்கே நின்று மூச்சு விட்டுப் பார்த்துவிட்டு மீதியைப் பேசலாம்.

மேஸ்திரியிடம் இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. அவரே கேட்டார். கல்யாணம் முடிந்து சில மாதங்களில் தனியாக வந்தார். எழுபத்தொன்பது. கல்யாணத்துக்குப் பிறகு நடையை விட்டிருந்தார்.

"மொதல்ல டாக்டரு பயமுறுத்துனாருன்னு கொறைச்சேன். அப்புறம் சம்பந்தி வூட்டுக்காக ஏத்துனேன். பொண்ணு போயிட்டுது. இப்ப யாருக்காக மேடம் கொறைக்கணும்?"

"உங்களுக்காகத்தான்."

அவர் சிரிக்கவில்லை. மிஷினை விட்டு இறங்கி, செருப்பை ஒவ்வொன்றாக மாட்டினார்.

"அது பழக்கமில்லீங்களே" என்றார்.

அன்று நான் நம்பர் எதுவும் எழுதவில்லை. நானும் நடக்க வருகிறேன், நாளைக்குக் காலையில் கம்மாபுரம் ரோட்டுப் பக்கம் வருவீர்களா என்று மட்டும் கேட்டேன். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.