முழங்காலை விசாரித்த தபால்காரர்

வவுனியாவில் கல்லூரியில் படித்தபோது, முரசுமோட்டையில் இருந்த அம்மாவுக்கு வாரம் ஒரு கடிதம் எழுதுவேன். வகுப்பு, செய்முறை, நூலகம், தலை சீவவும் நேரமில்லை என்று இரண்டு பக்கம் அளப்பேன். கரம் போர்ட் விளையாடும் நேரம் மட்டும் அதில் வராது.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. தபால்காரர்தான் வாசித்துக் காட்டுவார். ஒட்டிய கன்னம், காக்கிச் சட்டை, நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி. அந்தக் கண்ணாடியைச் செம்புத் தண்ணீரில் கழுவாமல் எந்தக் கடிதத்தையும் பிரிக்கமாட்டார்.

விடுமுறைக்குப் போனேன். அம்மா பூரித்துப்போயிருந்தார். "எவ்வளவு வேலைக்குள்ளையும் என்ரை முழங்கால் நோவை நீ கேக்காத கடிதமே இல்லையடா!"

அம்மாவுக்கு முழங்கால் நோ என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

வீட்டு வாசல் படலையடியில் தபால்காரரைப் பிடித்தேன். "ஐயா, நான் எழுதாததை ஏன் வாசிச்சனீங்கள்?"

"தம்பிக்குத் தலை சீவவே நேரமில்லை. அதுதான் அந்த ஒரு வரியை நான் போட்டனான்," என்றார், சிரிக்காமல்.

அதற்குப் பிறகு என் கடிதமெல்லாம் முழங்காலிலேயே தொடங்கியது. அடுத்த விடுமுறையில் அம்மா கேட்டார்: "ஒருக்கால் கேட்டால் காணாதே? இப்ப ஒவ்வொரு கடிதத்திலையும் ரெண்டு தரம் கேக்கிறாய்."

அந்தத் தபால்காரர் என்னை நம்பவில்லையா, அல்லது கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.